கத்தியும் கொடையும்

கொடுத்தல் மனிதனுக்கு இயல்பாக அமைந்த குணம். பிறந்தநாள், திருமணம், புதுமனை புகுவிழா, பணி ஓய்வு என்று ஏதேனும் ஒரு காரணம் பற்றி நாம் ஒருவர்க்கொருவர் பொருள் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். போட்ட மாலை அன்றே வாடிவிடுகிறது. கொடுத்த இனிப்பு மறுநாளே தீர்ந்துவிடுகிறது. போர்த்திய பொன்னாடை பெட்டிக்குள் மடிந்து கிடக்கிறது. சுவர்க் கடிகாரங்களோ ஒரே வீட்டில் நான்கும் ஐந்துமாகச் சேர்ந்து, ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆண்டு ஒன்று கழிந்தபின் எதை யார் கொடுத்தார் என்று நினைவு வைத்திருப்பவர் மிகச் சிலரே. அப்படியாயின், கொடுக்கும் பொருள் நெடுங்காலம் நிற்கவேண்டும், நிற்பதோடு பயன்படவும் வேண்டும் என்று விரும்பும் ஒருவர் எதைத்தான் கொடுப்பது?

இந்த வினாவிற்குப் பலர் பல விடை கூறுவர். பொன் என்பர் சிலர்; நூல் என்பர் சிலர்; நிலம் என்பாரும் உளர். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு பொருள் உண்டு. அது நல்ல கத்தி: தோட்டத்திலும் காட்டிலும் ஆற்றங்கரையிலும் கைக்கு உதவும், உறுதியான, ஒழுங்காகச் செய்யப்பட்ட கத்தி. பேராவில், ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் மண்ணில் வாழ்ந்தவர்க்கு இவ்விடை வியப்பளிக்காது. நம் குடும்பங்களில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது ஒரு கத்தியின் முனையன்றோ? ஆயினும், 'கத்தியைப் போய்ப் பரிசாகக் கொடுப்பதா?' என்று முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்தம் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அதனுள் ஓர் உண்மை இருக்கிறதா என்று ஆராய்வதே முறை.

தயக்கத்தின் பொருள்

நம் வீடுகளில் கத்தியையும் அரிவாளையும் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது பாட்டிமார் சொல். நம் அண்டை வீட்டுச் சீனரும் கத்தி, கத்தரிக்கோல் முதலியவற்றைப் பரிசளிக்கத் தயங்குவர். உறவை அறுப்பதாகும் என்பது அவர்கள் எண்ணம். ஆங்கிலேயரிடத்தும் இத்தகைய அச்சம் உண்டு. கத்தியைப் பரிசாகப் பெறுபவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து, அதனை விலைக்கு வாங்கியதாகச் செய்துகொள்வது அவர்கள் கண்ட பரிகாரம். ஒருவரையொருவர் கேளாமலே மூன்று இனத்தார் ஒரே அச்சத்தை அடைந்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான வழக்கமும் உலகில் உண்டு. பின்லாந்து நாட்டில் 'பூக்கோ' என்னும் சிறு கத்தியை ஒருவர்க்குப் பரிசளிப்பது பெருமதிப்பின் அடையாளம். 'நான் உன்னை நம்புகிறேன். இது உனக்குப் பயன்படும்' என்று சொல்லாமற் சொல்லும் கொடை அது. ஒரு நாட்டில் பிரிவின் குறியாக இருப்பது மற்றொரு நாட்டில் நம்பிக்கையின் குறியாக விளங்குகிறது.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், முரண்பாடு மறைந்துவிடுகிறது. கத்தியைக் கொடுக்க அஞ்சியவர்கள் அறிந்ததும், கொடுத்துப் பெருமைப்படுத்தியவர்கள் அறிந்ததும் ஒன்றே. கத்தியைக் கொடுப்பது ஓர் ஆற்றலைக் கொடுப்பதாகும். கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாம். கத்தியைக் கொடுத்தபின் அது என்ன செய்கிறது என்ற கவலை கொடுத்தவர்க்கும் இருந்தே தீரும். தரையில் வைத்து எடுக்கச் சொன்ன பாட்டிமார், கை வெட்டுப்படாதிருக்க ஒரு நல்ல வழியைக் கண்டதோடு, 'இதனை எடுப்பவன் தானே அறிந்து எடுக்கட்டும்' என்ற எச்சரிக்கையையும் அந்தச் செயலில் வைத்தார்கள் எனலாம். ஆகவே தயக்கம் தேவையே. அத்தயக்கம் நம்மைப் பொறுப்புக்கு இட்டுச்செல்ல வேண்டுமே தவிரக் கொடையையே நிறுத்திவிடுதல் கூடாது.

லெங்கோங் குகையில் ஒரு கொடை

கூரிய கருவியைக் கொடையாக அளிக்கும் வழக்கம் எவ்வளவு பழைமையானது என்று தேடி, நாம் பின்லாந்துக்குப் போகவேண்டியதில்லை. நம் பேராவிலேயே லெங்கோங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள கோத்தா தம்பான் என்னுமிடத்தில், ஏறத்தாழ 70,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் ஆற்றுக் கற்களை உடைத்துக் கருவிகள் செய்த கற்பட்டறை கண்டெடுக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அதே பள்ளத்தாக்கில், குனோங் ருந்து என்னும் குகையில், 1991ஆம் ஆண்டு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மனித எலும்புக்கூட்டைக் கண்டனர். 'பேராக் மனிதன்' என்று அதனை இன்று அழைக்கிறோம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது அது. கால் மடக்கிய நிலையில், மிகுந்த கவனத்தோடு அம்மனிதன் அடக்கம் செய்யப்பட்டிருந்தான். உடலைச் சுற்றிலும் கற்கருவிகளும், உணவாக வைத்த விலங்கின் எலும்புகளும் சிப்பிகளும் இருந்தன. அவனுடைய இடக்கை பிறவியிலேயே குறையுடையது என்று ஆய்வாளர் கண்டனர். ஆயினும் நாற்பது வயதைக் கடந்து அவன் வாழ்ந்திருக்கிறான்.

இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். காட்டில் வேட்டையாடி உண்ட காலத்தில், ஒரு கை குறைந்தவன் அவ்வளவு காலம் வாழ்ந்தான் என்றால், அவனைச் சுற்றியிருந்தவர்கள் அவனைக் கைவிடவில்லை என்று கொள்வதே பொருந்தும். இறந்தபோதும் வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. பொன்னையும் மணியையும் அறியாத அம்மக்கள், தாம் செய்ததில் சிறந்ததை, தமக்கு நாளும் தேவைப்பட்டதை, அவனருகே வைத்தார்கள். கூர்மையான கல்லைச் செய்ய ஒருவனுக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அறிந்தவர்களே அக்கொடையின் அளவை உணர்வார்கள். பேரா மண்ணில் நாம் அறிந்த கொடைகளுள் மிகப் பழையது கருவிக்கொடை என்று சொன்னால் அது மிகையாகாது.

வெட்டியும் கொல்லாத கத்தி

இனி நம் காலத்திற்கு வருவோம். 1877ஆம் ஆண்டு, பேராவின் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் கொண்டுவந்த விதைகளின் வழி வந்தவை அவை. அக்கால மரங்களுள் ஒன்று கோலகங்சாரில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

மரம் வந்துவிட்டது, ஆனால் அதிலிருந்து பால் எடுக்கும் முறை வந்துவிடவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திக் காயப்படுத்திப் பால் எடுத்தனர். காயம் மரத்தின் உட்கட்டை வரை பாய்ந்தது. பட்டை முண்டும் முடிச்சுமாயிற்று. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர்தாம் இதற்கு ஒரு வழி கண்டார். புதிது புதிதாகக் காயம் செய்யாமல், ஒரே வெட்டின் விளிம்பில் மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவி எடுத்தால், பால் மீண்டும் மீண்டும் வழியும், மரமும் சாகாது, சீவிய இடத்தில் பட்டை மறுபடி வளரும் என்று அவர் காட்டினார். கோடரி போய்ச் சீவும் கத்தி வந்தது. இந்நாட்டின் ரப்பர்த் தொழில் முழுவதும் அந்தச் சிறு மாற்றத்தின்மேல் எழுந்தது.

அந்தக் கத்தியை நம்மவர் உளி என்றும் அழைத்தனர். அதனைப் பிடித்தவர்க்குத்தான் அதன் அருமை தெரியும். இருள் பிரியுமுன் எழுந்து, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, தம் நிரைக்குச் சென்று, நாளொன்றுக்கு 400, 500 மரங்கள் என்று வெட்டினர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வழியும். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாய்ந்து செல்ல வேண்டும் வெட்டு. ஏனெனில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்ப் பட்டைக்கு மேல் செலவாகக் கூடாது. ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிர்ப்படலம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை ஒழுங்காக வளராது. பின்னாளில் அவ்விடத்தில் வெட்ட வருபவனுக்குத் துன்பம். அந்த உயிர்ப்படலத்திற்கும் கத்தி முனைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அந்த நூலிழையில்தான் நம் தாய்மார்களின் கை நாள் முழுதும் நடந்தது.

இதற்கு மழுங்கிய கத்தி உதவாது. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, கிழிக்கும். கை அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் ஆழம் தவறும். ஆகவே நல்ல வெட்டுக்காரர்கள் வேலை முடிந்து வீடு திரும்பியபின் முதற்காரியமாகத் தீட்டுக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கூர்மை கொடுமையின் அறிகுறி என்று எண்ணுவோர் இதனை அறிதல் நலம். மரத்தைக் காத்தது கூர்மைதான், கெடுத்தது மழுக்கந்தான். நல்ல கத்தியால் அளவறிந்து வெட்டப்பட்ட மரம் 25, 30 ஆண்டுகள் பால் தந்தது. வெட்டுகிறோம் என்பதாலேயே அழிக்கிறோம் என்று ஆகிவிடாது. எவ்வளவு வெட்டுகிறோம், வெட்டியது ஆறுவதற்கு இடம் விட்டோமா என்பவையே கேட்கத்தக்க வினாக்கள். அறநூல்கள் பல பக்கங்களில் சொல்லும் அளவறிதல் என்னும் பண்பை, எழுத்தறியாத நம் மூத்தோர் ஒரு மரப்பட்டையின்மேல் நாள்தோறும் கடைப்பிடித்தனர்.

வேலை இழந்த கருவி

இவ்வளவு அருமையான கத்தி இன்று எங்கே? 1950களின் பிற்பகுதி தொடங்கித் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் தம் சிறுசேமிப்பால் தோட்டங்களைத் தாமே வாங்கிக்கொள்ள வழி செய்தார். அம்முயற்சி பலரைக் காத்தது. எல்லாரையும் காத்துவிட முடியவில்லை. பின்னர்ச் செம்பனை வந்தது; வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. ரப்பர் மரங்கள் சாய்ந்தன. லயங்களில் வாழ்ந்தோர் புந்தோங் போன்ற ஈப்போவின் புறப்பகுதிகளுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். உளி பரண்மேல் ஏறிற்று. எஃகு கெடவில்லை, பிடி உடையவில்லை, ஆயினும் அதற்கு வேலை இல்லாமற்போயிற்று.

இங்கே நாம் நேருக்கு நேர் நோக்கவேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. உளியோடு வீட்டில் இருந்த மற்றொரு கருவி பாராங் கத்தி. புல் வெட்டவும், விறகு பிளக்கவும், வாழைக்குலை இறக்கவும் பயன்பட்ட அது, தோட்டம் இழந்த தலைமுறையில் சில இளைஞர் கையில் வேறு பொருள் பெற்றது. குண்டர் கும்பல்களின் மோதல்களில் பாராங் வீசப்பட்ட செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். சிலர் செய்தியாகப் படிக்காமல் மருத்துவமனை வாயிலில் நின்றே அறிந்திருக்கிறோம். தந்தையின் கையில் சோறு ஈட்டிய இரும்பு, மகன் கையில் உயிர் பறிக்கும் இரும்பாக மாறிய இடங்கள் உண்டு. இதனை மறைத்துவிட்டுக் கத்தியின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

எனவே, 'நம் பிள்ளைகள் கையில் கத்தியே வேண்டாம். புத்தகம் கொடுங்கள் போதும்' என்று சொல்லும் பெரியோரின் கூற்றில் நியாயம் உண்டு. துன்பத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றைக் கருதவேண்டும். அந்த இளைஞர்கள் கெட்டது கத்தி கிடைத்ததாலா, கத்தியோடு சேர்ந்து வரவேண்டியவை கிடைக்காததாலா? தந்தைக்குக் கத்தி கிடைத்தபோது அதனோடு ஒரு நிரையும், தீட்டுக்கல்லும், 'ஆழமாகப் போடாதே' என்று அதட்டிச் சொல்லித்தர ஒரு மூத்தவரும் கிடைத்தனர். மகனுக்கு இரும்பு மட்டும் கிடைத்தது. வேலையும் வழிகாட்டலும் நீங்கிய கருவி ஆயுதமாகிறது. ஆகவே கத்தியை மறைத்து வைப்பதனால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது. அதற்கு உரிய வேலையையும் அதற்கு உரிய ஒழுக்கத்தையும் மீண்டும் சேர்த்துக் கொடுப்பதே மருந்து.

கருவி நடுநிலையானது, பயன்படுத்துவோனைப் பொறுத்தே நன்மையும் தீமையும் என்று சிலர் வாதிடுவர். இதுவும் முழு உண்மையன்று. கருவியின் வடிவத்திலேயே அதனைச் செய்தவனுடைய நோக்கம் பதிந்திருக்கிறது. விசையைத் தட்டியவுடன் பாய்ந்து வெளிவரும் கத்திக்கும், இருபுறமும் கூர் வைத்த குத்துவாளுக்கும் தோட்டத்தில் என்ன வேலை? பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் செய்த கத்தி வேறு. அச்சுறுத்தச் செய்த கத்தி வேறு. பரிசு தேர்பவர் முதலில் இந்த வேறுபாட்டைக் கண்டறிதல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

நல்ல கத்தியைத் தேர்வது எவ்வாறு? முதலில், கொள்பவர் அதனை எதற்குப் பயன்படுத்துவார் என்று கேட்க வேண்டும். வீட்டுப்புறத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்க்கு ஒன்று பொருந்தும். கோப்பெங் மலையடிவாரத்திலோ பேலும் காட்டிலோ முகாமிடச் செல்லும் இளைஞர்க்கு மற்றொன்று பொருந்தும். புதர் நீக்கி வழி செய்பவர்க்கு நீண்ட பாராங் வேண்டும். மற்ற வேலைகளுக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவுள்ள நேரான அலகே போதும். பெரிய கத்தி பெரிய அன்பைக் காட்டும் என்பது தவறான எண்ணம்.

அடுத்து, எஃகைக் கருதுவோம். கரிமம் மிகுந்த எஃகு எளிதில் கூர் ஏறும். துருவும் எளிதில் ஏறும். பத்தரை விழுக்காட்டிற்குக் குறையாமல் குரோமியம் கலந்த எஃகு துருவைத் தாங்கும். கூர் தீட்டச் சற்றுப் பொறுமை வேண்டும். தைப்பிங் போன்று ஓயாது மழை பெய்யும் ஊரில் வாழ்பவர்க்கு, பராமரிக்க நேரமில்லையென்றால், பின்னதே ஏற்றது. நாள்தோறும் துடைத்துத் துளி தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் உடையவர்க்கு முன்னது வாழ்நாள் துணை.

எஃகைவிட முக்கியமானது தோய்ச்சல். இரும்பைக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் ஒடியும். மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் கடினமும் இணக்கமும் சேர்ந்து வரும். கடினம் மிகுந்த கத்தி முறியும். மென்மை மிகுந்த கத்தி மழுங்கும். மனிதருக்கும் இது பொருந்தும் என்பதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. லாரியின் வில்பட்டையை அடித்துப் பாராங் செய்யும் கிராமத்துக் கொல்லரும், சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சி அரிவாள் அடிக்கும் கொல்லரும் இந்தப் பதத்தைக் கண்ணால், இரும்பில் ஏறி இறங்கும் நிறத்தால் அறிவர். கொங்குநாட்டுக் கொடுமணலில் பழங்காலத்திலேயே எஃகு உருக்கிய உலைகளின் தடயங்களை அகழ்வாய்வாளர் கண்டுள்ளனர். இந்த அறிவு நமக்குப் புதியதன்று.

பிடியையும் பார்க்க வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடியிருத்தல் நலம். பாதியில் நின்றிருந்தால் கடும் வேலையில் ஆடத் தொடங்கும். பிடி, வியர்வையிலும் மழையிலும் நழுவாததாக இருக்க வேண்டும். உறை கத்தியை இறுகப் பற்ற வேண்டும். இவை யாவும் அமைந்த கத்திக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டும் என்பதில்லை. 1890இல் பிரான்சின் மலைநாட்டில் ஓபினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தியும், சுவீடன் நாட்டு மோரா என்னும் ஊரின் கத்திகளும் உழைப்பவர்களுக்காகவே செய்யப்பட்டவை. இன்றும் எளிய விலையில் கிடைப்பவை.

சுவிட்சர்லாந்தின் கத்தி வரலாறு நம்மவர் அறியத்தக்கது. 1884இல் கார்ல் எல்செனர் என்பவர் தம் சிற்றூரில் கத்திப் பட்டறை தொடங்கினார். அக்காலத்தில் அந்நாடு ஏழை நாடு. வேலையின்றி மக்கள் ஊரைவிட்டு அயல்நாடு போய்க்கொண்டிருந்தனர். தம்மவர்க்கு ஊரிலேயே வேலை கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1891இல் நாட்டுப் படைவீரர்களுக்கு முதன்முதலாகக் கத்திகளை வழங்கினார். 1909இல் தாயார் மறைந்தபோது அவர் பெயராகிய விக்டோரியாவையே தம் பொருளுக்குச் சூட்டினார். அதுவே பின்னர் விக்டோரினாக்ஸ் ஆயிற்று. பிழைப்புக்காகக் கடல் கடந்த மக்களின் வழிவந்த நமக்கு, ஊரார் புலம்பெயராதிருக்கப் பிறந்த ஒரு கத்தியின் கதை நெஞ்சைத் தொடாமற்போகாது.

இறுதியாக, சட்டத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருத்தல் நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காட்டுக்குப் போகும்போது கத்தி பைக்குள் உறையோடு போகட்டும். கடைத்தெருவுக்குப் போகும்போது வீட்டில் இருக்கட்டும். இதனைச் சொல்லாமல் ஓர் இளைஞனிடம் கத்தியைக் கொடுப்பவர் பாதிக் கொடையே கொடுத்தவர் ஆவார்.

நிலைப்பது எது?

இவ்வளவும் ஆராய்ந்து நல்ல கத்தியை வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அது நிலைத்த கொடையாகிவிடுமா? இங்கே புறநானூற்றில் உள்ள ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு, அம்மன்னனின் படைக்கலக் கொட்டில் காட்டப்படுகிறது. அங்கே ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி மின்னுகின்றன. அதனைப் பாராட்டுவதுபோலப் பாடிய ஔவையார், தம் அரசனுடைய ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். எவனுடைய இரும்பு உண்மையில் உயிரோடு இருக்கிறது என்பது கேட்டவனுக்கு விளங்கியிருக்கும்.

போர்க்கருவிக்குச் சொன்ன அது உழைப்புக் கருவிக்கு இன்னும் பொருந்தும். கண்ணாடிப் பெட்டியில் மின்னும் கத்தி நூறாண்டு இருந்தாலும் நிலைத்தது ஆகாது. அது கெடாமல் இருக்கிறது, அவ்வளவே. தீட்டித் தீட்டி அலகு தேய்ந்து, பிடி ஒருவருடைய உள்ளங்கையின் வடிவையே ஏற்றுக்கொண்ட கத்திதான் நிலைத்தது. தோட்டத்து வீடுகளில் இரண்டு விரல் அகலமாக இருந்த அலகு ஒரு விரல் அகலமாகத் தேயும் வரை வைத்திருந்த மூதாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். புதிது வாங்கித் தருகிறோம் என்றால், 'இது என் கைக்குப் பழகினது, தம்பி' என்று சொல்லிப் பழையதையே உறையில் செருகிக்கொள்வார்கள். பொருள் தேயத் தேயப் பற்று வளர்ந்தது.

அந்த மூதாட்டிகளின் கத்தி தேய்ந்து நிலைத்தது. பரணில் ஏறிய உளியோ தேயாமலே வீணாயிற்று. ஆகவே கொடையின் வாழ்நாளை எஃகின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை. கொடுத்த பொருளுக்கு வேலை இருக்க வேண்டும். வேலை செய்ய இடம் இருக்க வேண்டும். செய்யும் முறையைச் சொல்லித்தர ஆள் இருக்க வேண்டும். பொருளைக் கொடுக்கக் காசு போதும். இம்மூன்றையும் கொடுக்க நேரமும் உடனிருப்பும் வேண்டும். கடைகளில் கிடைக்காதவை அவை.

தாய்மாமன் ஒருவர் தம் மருமகனுக்குக் கத்தி ஒன்று கொடுக்க எண்ணினால், அவர் செய்யத்தக்கது இதுவென்று கருதுகிறேன். கத்தியோடு ஒரு தீட்டுக்கல்லையும் கொடுக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கல்லை நனைத்து, அலகைச் சாய்த்து, எந்தக் கோணத்தில் தேய்த்தால் கூர் ஏறும் என்று காட்டட்டும். பிறகு, ஒரு முருங்கைக் கன்றுக்கு ஊன்றுகோல் சீவச் சொல்லட்டும். தம் தந்தையோ பாட்டியோ பால்வெட்டிய கதையை அப்போது சொல்லட்டும். பட்டைக்கும் உயிர்ப்படலத்திற்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நின்ற அந்தக் கையைப் பற்றிச் சொல்லட்டும். இத்தனைக்குப் பிறகு அந்தக் கத்தியைப் பிறர்மேல் ஓங்க அப்பிள்ளையின் மனம் எளிதில் துணியாது. துணியவே துணியாது என்று யாரும் உறுதி தர இயலாது; நம்பிக்கை என்பதே உறுதியில்லாத இடத்தில் வைக்கப்படுவதுதானே. அந்த இடரைத் தானும் ஏற்றுக்கொண்டு கொடுப்பவனே கொடையாளி.

பொருளைக் கைமாற்றிய அளவில் கடமை முடிந்தது என்று எண்ணுவது வணிகம். கொடுத்தபின்னும் தொடர்ந்து கவனித்திருப்பது கொடை. கத்தி இந்த உண்மையை மற்றப் பரிசுகளைவிடத் தெளிவாக நமக்கு உணர்த்துகிறது. ஏனென்றால், கத்தியைக் கொடுத்துவிட்டு அதனை மறந்துவிட யாராலும் இயலாது. லெங்கோங் குகையில் கல்லை வைத்தவர்கள் தம்முள் ஒருவனை வாழ்நாள் முழுதும் தாங்கியபின்னரே அக்கல்லை வைத்தார்கள். நம் கொடையும் அவ்வாறு முன்னும் பின்னும் துணை நின்றதாக இருக்குமாயின், கைக்குக் கை கொடுத்தாலும் பகை வராது.